குறட்டைக்கு நாக்குப் பயிற்சி உதவுமா?

கேள்வி: எனது கணவருக்கு 47 வயது. உழவு இயந்திரம் ஓட்டுகிறார். படுத்த கையோடு குறட்டை தொடங்கிவிடும். பரீட்சைக்குப் படிக்கும் மகள் இப்போது அயல்வீட்டில் போய்ப் படுக்கிறாள். நாக்குக்கும் வாய்க்கும் பயிற்சி கொடுத்தால் குறட்டை நிற்கும் என்கிறார்கள். உண்மையா?
- வாசகி, மாங்குளம்

பதில்: குறையும், ஆனால் எல்லோருக்கும் குறையாது, ஒரு கிழமையிலும் குறையாது. நித்திரையில் நாக்கின் அடிப்பகுதியும், அண்ணத்தின் பின்புறமுள்ள மென்தசையும், உள்நாக்கும் தளர்ந்து தொண்டையை ஒடுக்க, அந்த ஒடுங்கிய வழியால் போய்வரும் காற்று அவற்றை அதிரச் செய்வதே குறட்டை. அத்தசைகளை வலுப்படுத்துவதே பயிற்சியின் நோக்கம். பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 3 மாதங்கள் பயிற்சி செய்தவர்களுக்குக் குறட்டை விடும் தடவைகள் 36 சதவீதமும், சத்தத்தின் மொத்த வலு 59 சதவீதமும் குறைந்திருந்தன.

நாக்கு நுனியை மேல் அண்ணத்தில் அழுத்திப் பின்னோக்கி இழுப்பது, நாக்கு முழுவதையும் அண்ணத்தோடு ஒட்ட உறிஞ்சிப் பிடிப்பது, நுனி கீழ் முன்பற்களைத் தொட்டிருக்க நாக்கின் பின்பகுதியைக் கீழே அழுத்துவது, வாயைத் திறந்து 'ஆ' என்று சொல்லி உள்நாக்கை உயர்த்துவது ஆகிய ஒவ்வொன்றையும் 20 தடவை செய்ய வேண்டும். கடைசிப் பயிற்சியில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: சத்தம் வரும், உள்நாக்கு அசையாது. கண்ணாடி முன் நின்று வாய்க்குள் ரோச் அடித்துப் பார்த்தால், அது மேலே எழுகிறதா என்பது தெரியும். எல்லாப் பயிற்சியும் சேர்ந்து ஒரு வேளைக்கு 8 நிமிடங்கள், நாளுக்கு மூன்று வேளை.

பின்னேரத்தில் கள்ளோ சாராயமோ குடிக்கும் வழக்கம் இருந்தால் இந்தப் பயிற்சியெல்லாம் வீண், ஏனெனில் மது அதே தசைகளை மேலும் தளர்த்திவிடும். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னே சரியும் என்பதால் சரிந்து படுப்பது நல்லது; பழைய பெனியனின் முதுகுப்புறத்தில் பை தைத்து ஒரு பந்தை வைத்துவிட்டால், புரளும்போது உறுத்தி அதுவே திருப்பிவிடும். அருவி வெட்டுக் காலத்துத் தூசியால் மூக்கடைத்திருந்தால், கொதித்தாறிய உப்புநீரால் மூக்கைக் கழுவிவிட்டுப் படுக்கலாம். உடல் எடையும் புகைத்தலும் குறைய வேண்டும் என்பதை அவரும் அறிந்திருப்பார்.

இவை எல்லாவற்றுக்கும் முன், நீங்கள் ஓர் இரவு விழித்திருந்து கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குறட்டை சட்டென நின்று, 10 விநாடிகளோ அதற்கு மேலோ மூச்சே இல்லாமல் கிடந்து, பின்னர் திணறிக்கொண்டு மூச்சை இழுக்கிறாரா? அப்படியானால் அது நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோயாக இருக்கலாம். இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடியது. பகலில் உழவு இயந்திரத்தின் ஆசனத்திலேயே கண் சொருகினால் இன்னும் ஆபத்து. கைத்தொலைபேசியில் பதிவுசெய்து, கிளிநொச்சி அல்லது வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் வைத்தியரிடம் காட்டுங்கள். பரிசோதனை முடியும்வரை அவர் பயிற்சியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

கேள்வி: நாதஸ்வரம் வாசிப்பவர்களுக்குக் குறட்டை வராது என்று எங்கள் ஊர்க் கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். பழகலாமா?
- வாசகர், முள்ளியவளை

பதில்: இந்தப் பேச்சுக்குச் சற்று ஆதாரம் உண்டு, ஆனால் அது வேறொரு வாத்தியத்துக்குரியது. அவுஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட ஊதுகுழலான டிஜெரிடூவைக் குறட்டையும் மூச்சுத்தடையும் உள்ள 25 பேரைக் கொண்டு சுவிற்சர்லாந்தில் ஆராய்ந்து, முடிவை 2006இல் வெளியிட்டார்கள். 4 மாதங்கள் அதை ஊதிப் பழகியவர்களுக்குப் பகல் நித்திரைக் கலக்கம் குறைந்தது. உடன் படுப்பவர்களும் நிம்மதியாக உறங்கினார்கள். நாதஸ்வரத்திலும் மூச்சை அடக்கி ஊதவேண்டியிருப்பதால் விருப்பமுள்ளவர் பழகுவதில் தவறில்லை. குறட்டைக்காக மட்டும் என்றால் நாக்குப் பயிற்சியே மலிவானது. பழகும் முதல் மாதங்களில் அயலவர்களும் அதையே விரும்புவார்கள்.