ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 5 வாரம் ஆகிறது. வலது கை, கால் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை, மூக்கில் டியூப். தண்ணீர் வேண்டுமென்று சைகை காட்டுகிறார். அம்மா மனசு கேட்காமல் தினமும் இரண்டு ஸ்பூன் கொடுக்கிறார். புரை ஏறவில்லை. தொடரலாமா? பேச்சு திரும்புமா?

பதில்: முதலில் அந்த ஸ்பூனைக் கீழே வையுங்கள். அம்மா மேல் தப்பில்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் புரை ஏறவில்லை என்பதை நம்பாதீர்கள், ஏனென்றால் பக்கவாதத்தில் தொண்டையின் உணர்வு மழுங்கிப்போனால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராது, சத்தமில்லாமல் நுரையீரலுக்கு இறங்கி, அப்புறம் காய்ச்சல், நிமோனியா என்று வந்து நிற்கும்.

தண்ணீர் லேசான விஷயம் என்று நினைக்கிறோம். விழுங்கச் சிரமப்படுபவருக்குப் பெரும்பாலும் அதுதான் கஷ்டம், தொண்டை மூடிக்கொள்வதற்குள் ஓடிவிடும். கெட்டியான கூழ் மெதுவாக நகரும். ரசம் சாதம் இன்னும் மோசம்: ரசம் முன்னால் ஓட, பருக்கை வாயிலேயே நிற்கும். அவருக்கு எந்தப் பதம் சரி என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவை விழுங்க வைத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பார்கள். தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்குவது சிலருக்கு உதவும், சிலருக்கு உதவாது, யூடியூப் பார்த்து முயல வேண்டாம். இதையெல்லாம் பார்ப்பவர் ஸ்பீச் தெரபிஸ்ட்தான், பேச்சுக்கு மட்டும் என்று பலர் அவரிடம் போவதே இல்லை.

டியூப் வழியாகச் சாப்பிடுபவருக்கு எதற்குப் பல் துலக்குவது என்று விட்டுவிடாதீர்கள். அழுக்கு வாயின் எச்சில் நுரையீரலுக்குப் போனாலும் நிமோனியாதான். ஈரத் துணியால் வாயைத் துடைத்தால் தாகமும் கொஞ்சம் அடங்கும். டியூபில் ஊற்றும்போதும் அதன்பின் அரை மணி நேரமும் சாய்த்து உட்கார வையுங்கள். டாக்டர் வயிற்றில் டியூப் போடலாம் என்றால் பயப்படாதீர்கள், விழுங்குவது திரும்பினால் அதையும் எடுத்துவிடலாம். மூக்கு உறுத்தலும் போகும்.

பேச்சு எவ்வளவு திரும்பும் என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது. முதல் சில மாதங்களில் வேகமாகத் தேறும், பிறகும் நிற்பதில்லை. சைகை காட்டுகிறாரே, அது நல்ல விஷயம். "இது என்ன, சொல்லுங்க" என்று பரீட்சை வைக்காதீர்கள். "ஃபேன் போடவாப்பா?" என்று கேட்டுவிட்டு, தலையசைக்கும் வரை காத்திருங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக் காட்டினால் சிலருக்கு மூன்று தானாக வரும், பேச வராதவர் பழகிய பாட்டின் ஒரு வரியை முழுசாகப் பாடிவிடுவதும் உண்டு.

தெரபிஸ்டிடம் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். தண்ணீர் எந்தக் குழாயில் இறங்குகிறது என்று அந்த வீடியோவை அவரும் பார்க்கட்டும்.