கரண்ட் இல்லாத பண்ணையில் நான்கு இரவு: முதலில் தீரப்போவது எது?

கேள்வி: நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். நான், கணவர், 9, 6 வயதுப் பிள்ளைகள், 71 வயது மாமி. ஐந்து பேர் படுக்கக்கூடிய பழைய கேரவன் ஒன்று வாங்கியிருக்கிறோம். ஆகஸ்டில் வேல்ஸ் கார்மார்தன்ஷயரில் ஒரு பண்ணையில் நான்கு இரவு தங்கி, ஸ்கந்தவேல் கோயிலுக்கும் போய்வர ஆசை. அந்தப் பண்ணையில் ஒரு தண்ணீர்க் குழாயும் கழிவறைப் பெட்டியை ஊற்றும் இடமும் மட்டும்தான் உண்டு. கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வாங்க வேண்டுமா? வேறு என்ன ஆயத்தம் செய்வது?

பதில்: ஜெனரேட்டர் வாங்காதீர்கள். இப்படியான பல தளங்களில் அதை ஓட்ட விடமாட்டார்கள். விட்டாலும், அமைதி தேடி வந்த பக்கத்துக் கேரவன்காரருக்கு அது பெரிய தொல்லை. உங்களுக்கு அது தேவையும் இல்லை. கரண்ட் இல்லை என்றதும் வெளிச்சத்துக்கும் போன் சார்ஜுக்கும் என்ன செய்வது என்ற பயம்தான் முதலில் வரும். ஆனால் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு முதலில் தீருவது கழிவறைப் பெட்டியில் உள்ள இடம். அடுத்தது தண்ணீர். பற்றரி மூன்றாவதுதான், காஸ் கடைசி. ஆயத்தத்தையும் இந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள்.

அதற்கு முன் அந்த இடம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி, கேரவன் அண்ட் மோட்டர்ஹோம் கிளப், கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப் போன்ற அமைப்புகள் ஐந்து கேரவன் வரை நிற்கும் சிறு தளங்களுக்குத் தாங்களே சான்று கொடுக்கலாம். முதல் கிளப்பின் தளத்தைச் சிஎல் என்றும், இரண்டாவது கிளப்பின் தளத்தைச் சிஎஸ் என்றும் சொல்வார்கள். சிஎல் தளம் என்றால் கிளப் உறுப்பினராக இருக்கவேண்டும். நடத்துபவர் பெரும்பாலும் அந்தப் பண்ணைக்காரர்தான், ஆகவே அவரோடு நேரடியாகப் பேசிவிடுவதே நல்லது. பிள்ளைகளை விடுவார்களா என்று முதலில் கேளுங்கள். பெரியவர்களுக்கு மட்டுமான சிஎல்கள் உண்டு. அப்புறம் மழை பெய்தால் புல்தரை எப்படி, ஆனிங் (கேரவனோடு சேர்த்துக் கட்டும் கூடாரம்) கட்டலாமா, எத்தனை மணிக்கு வரலாம், கழிவு செப்டிக் டாங்கிக்குப் போகிறதா, குழாய்த் தண்ணீர் ஊர்த் தண்ணீரா பண்ணையின் சொந்த ஊற்றா என்றும் கேட்டு எழுதிவையுங்கள். ஆகஸ்ட் கடைசித் திங்கள் வங்கி விடுமுறை. அந்த வாரம் ஐந்து இடமும் சீக்கிரம் நிரம்பிவிடும்.

இனி எடை. மற்றவற்றைத் தளத்தில் போய்ச் சமாளிக்கலாம், இதை வீட்டிலேயே முடிக்கவேண்டும். கேரவன் கதவருகே உள்ள தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும். சாமான் இல்லாமல் கேரவனின் எடை ஒன்று, சாமானோடு அது தாங்கக்கூடிய உச்ச எடை மற்றது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். உதாரணத்துக்கு 1,140 கிலோ, 1,300 கிலோ என்று இருந்தால் 160 கிலோதான் கணக்கு. ஆனிங், பற்றரி, தண்ணீர் உருளை, படுக்கை விரிப்புகள், உடுப்பு, பானை சட்டி என்று போட்டால் அது மளமளவென்று போய்விடும். பத்துக் கிலோ அரிசி மூட்டையும் இரண்டு பெரிய குக்கரும் வேண்டாம். நான்கு நாளுக்கு அளந்து எடுங்கள். தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஓடாதீர்கள். 40 லீற்றர் என்றால் 40 கிலோ.

புதிதாக இழுப்பவர்களுக்குச் சொல்லும் வழக்கமான அளவு, கேரவனின் உச்ச எடை காரின் வெற்று எடையில் 85 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது. 1,300 கிலோ கேரவனுக்குக் கார் ஏறக்குறைய 1,530 கிலோவாவது இருக்கவேண்டும். இது சட்டமல்ல, ஆனால் நான் இதைக் கண்டிப்பாகவே சொல்வேன். கார் கையேட்டில் உள்ள இழுவை எல்லை தனி. அதைத் தாண்டுவது சட்டப்படி குற்றம்.

பாரமான சாமான்கள் அச்சுக்கு மேலே, தரையில் இருக்கட்டும். பின்பக்கம் பாரம் கூடினால் வேகத்தில் கேரவன் பாம்புபோல் நெளியத் தொடங்கும். அப்படி நெளிந்தால் பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை வெட்டாமல், அக்சிலரேட்டரில் இருந்து காலை மெதுவாக எடுக்கவேண்டும். கொக்கியின்மேல் இறங்கும் பாரம் கேரவன் எடையில் 5 முதல் 7 வீதம் இருப்பது நல்லது. காரின் எல்லை, இழுவைக் கொக்கியின் எல்லை, கேரவன் முன்தலையின் (கொக்கியில் மாட்டும் பகுதியின்) எல்லை மூன்றில் எது குறைவோ அதற்குள் நில்லுங்கள். அதை அளக்கச் சின்னக் கருவி விற்கிறது, வாங்குங்கள். மொத்த எடையைப் பொது எடைமேடை ஒன்றில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டால் மனதுக்கு நிம்மதி.

பழைய கேரவன் என்பதால் டயரைத் தேய்மானத்தை வைத்து மதிப்பிடாதீர்கள். ஓடாமல் நின்றே டயர் கெடும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018இன் 23ஆவது வாரம். ஐந்து வருடத்தில் மாற்றுவது நல்லது, ஏழு வருடத்தைத் தாண்டவே வேண்டாம். காஸ் இணைப்புகளையும் பிரேக்கையும் தகுதியானவரிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். கார்பன் மொனொக்சைட் அலாரம் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

இப்போது கழிவறை. கேரவன் கழிவறையின் கீழே இருக்கும் பெட்டி சுமார் 18 லீற்றர் கொள்ளும். ஐந்து பேர் இரவும் பகலும் பயன்படுத்தினால் ஒரு நாளைக்கு மேல் தாங்குவது கடினம். அதோடு நமக்குத் தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கம். ஒரு தடவைக்கு அரை லீற்றர் என்றால், ஐந்து பேர் இரண்டு தடவை போனாலே 5 லீற்றர் அதற்கு மட்டும் போய்விடும். பழக்கத்தை விடச் சொல்லவில்லை. செம்புக்குப் பதில் கால் லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை, அழுத்திப் பீய்ச்சும் வகையில், உள்ளே வையுங்கள். பாதி மிச்சமாகும். ஈரத் துடைப்பான்களைப் பெட்டிக்குள் போடவே கூடாது. பகலில் கோயில், கடை, தேநீர்க்கடை என்று வெளியே போகும்போது அங்கேயே கழிவறைக்குப் போய்விடப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

காலையில் எழுந்ததும் முதல் வேலை பெட்டியை ஊற்றுவதாக இருக்கட்டும், நிரம்பியதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நிரம்பிய பெட்டி கிட்டத்தட்ட 20 கிலோ வரும், புல்தரையில் தூக்கிப் போவது சிரமம். கழிவைக் கரைக்கப் பெட்டிக்குள் ஊற்றும் திரவம் பச்சையாக இருக்கட்டும். பல பண்ணைகளில் கழிவு செப்டிக் டாங்கிக்குப் போகிறது. ஃபார்மல்டிஹைட் கலந்த நீலத் திரவம் அந்த டாங்கியில் வேலை செய்யும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், பண்ணைக்காரருக்குச் செலவு வரும்.

தண்ணீருக்கு 40 லீற்றர் உருளை ஒன்றும், கழிவுநீர் வாங்கும் பெட்டி ஒன்றும் போதும். குழாயில் இருந்து உருட்டிக்கொண்டு வரலாம். ஐந்து பேருக்குச் சமையல், குடிநீர், பாத்திரம், முகம் கழுவல் எல்லாம் சேர்ந்து நாளுக்கு இரண்டு உருளை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளியலைச் சேர்த்தால் இது போதாது. கேரவனுக்குள் ஷவர் எடுப்பதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் பக்கத்து நகர நீச்சல் குளத்துக்குப் போனால் பிள்ளைகள் விளையாடவும் ஆயிற்று, எல்லோரும் குளிக்கவும் ஆயிற்று. மாமிக்கு மட்டும் காலையில் வெந்நீர் வைத்துக் கொடுங்கள். பண்ணையின் சொந்த ஊற்றுத் தண்ணீர் என்றால் குடிப்பதற்குக் கொதிக்கவைப்பது பாதுகாப்பு. கழிவுநீரை எங்கே ஊற்றுவது என்று கேட்டுவிட்டே ஊற்றுங்கள். கறிச்சட்டி எண்ணெயைத் தாளால் துடைத்துக் குப்பையில் போட்ட பிறகு கழுவுங்கள்.

பற்றரிக் கணக்கு உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். 110 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம், 55 என்று வையுங்கள். எல்இடி விளக்குகள், தண்ணீர் பம்ப், ஐந்து போன், அலாரம் எல்லாம் சேர்ந்து நாளுக்கு ஏறக்குறைய 15 போகும். நான்கு இரவுக்குச் சற்றே குறைகிறது. 100 வாட் சோலார் பலகை ஒன்றை வெயில் படும் பக்கம் வைத்தால் ஆகஸ்டில் அந்தக் குறை தீர்ந்துவிடும். கெற்றிலை மட்டும் இன்வேர்ட்டரில் போட நினைக்காதீர்கள். 2,000 வாட் கெற்றில் 12 வோல்ட் பற்றரியில் இருந்து 160 அம்பியருக்கு மேல் இழுக்கும். தேத்தண்ணீருக்கு விசில் அடிக்கும் கேத்தல், காஸ் அடுப்பு. அவ்வளவுதான்.

குளிர்பெட்டி காஸிலேயே ஓடும், ஆனால் கேரவன் மட்டமாக நிற்கவேண்டும். அது வீட்டுக் குளிர்பெட்டிபோல் சட்டென்று குளிராது. புறப்படுவதற்கு முதல் நாளே வீட்டுக் கரண்டில் போட்டுக் குளிரவையுங்கள். பாதையில் காரின் 12 வோல்ட்டில் ஓடட்டும், காஸை மூடிவிடுங்கள். கோயிலுக்கு மச்சம் சாப்பிட்டுவிட்டுப் போக முடியாது என்பதால் எப்படியும் சைவச் சமையல்தான், அதுவே வேலையைக் குறைக்கும். முதல் இரண்டு நாள் கறிகளை வீட்டில் சமைத்துப் பெட்டிகளில் உறையவைத்து எடுத்துப் போனால், அவையே குளிர்பெட்டிக்கு ஐஸும் ஆகும். சம்பலை அரைத்தே கொண்டுபோங்கள். தோசை மாவு என்றால் பாதிப் பாத்திரத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். அந்தக் குளிரில் முழுவதுமாக அடங்காது, பொங்கும்.

தாளிப்பையும் புட்டு அவிப்பதையும் வெளியே, திறந்த இடத்தில், தனி அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தாளித்தால் புகை அலாரம் அலறும், மணம் மெத்தைத் துணியில் ஏறும். உள்ளே ஆவி எழுந்தால் இரவு சுவரெல்லாம் ஈரம் வடியும். மழை என்று அடுப்பை ஆனிங்குக்குள் எடுக்கத் தோன்றும். கரி அடுப்பை, அணைந்துகொண்டிருக்கிற தணலாக இருந்தாலும், ஆனிங்குக்குள்ளோ கேரவனுக்குள்ளோ ஒருபோதும் கொண்டுவராதீர்கள். அதில் வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை, இந்த நாட்டில் ஆட்கள் தூக்கத்திலேயே இறந்திருக்கிறார்கள். மழை நாளுக்கு உறைந்த கறியும் சோறும் போதும். காஸுக்கு 6 கிலோ சிவப்புப் புரொப்பேன் சிலிண்டர் நான்கு இரவுக்குத் தாராளம்.

மாமியின் வசதியை யோசித்து வையுங்கள். கேரவன் படி உயரம். இரட்டைப் படியும் பிடிக்க ஒரு கைப்பிடியும் வாங்குங்கள். ஏறி இறங்கத் தேவையில்லாத, கழிவறைக்குக் கிட்டவுள்ள படுக்கை அவருக்கு. ஆகஸ்டிலும் வேல்ஸ் பண்ணையில் விடியற்புறம் நல்ல குளிர் இருக்கும். ஒரு வெந்நீர்ப் பையும் கம்பளியும் வையுங்கள்.

பாதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 டிசம்பர் 16 முதல் சாதாரணக் கார் லைசென்ஸே 3,500 கிலோ வரை இழுக்கப் போதும். தனிப் பரீட்சை இல்லை. ஆனாலும் கிளப்கள் நடத்தும் இழுவைப் பயிற்சி ஒன்றுக்குப் போய், பின்னால் எடுப்பதைப் பழகிவிடுங்கள். மோட்டர்வேயிலும், நடுவே தடுப்பு உள்ள இரட்டைப் பாதையிலும் உச்சம் மணிக்கு 60 மைல், தடுப்பு இல்லாத ஒற்றைப் பாதையில் 50. மூன்றோ அதற்கு மேலோ பாதை உள்ள மோட்டர்வேயில் வலது ஓரப் பாதைக்குப் போகக்கூடாது. வேல்ஸில் 2023 செப்டம்பரில் இருந்து ஊர்களுக்குள் பொதுவாக 20. கேரவன் காரைவிட அகலம் என்றால் நீட்டுக் கண்ணாடிகள் வேண்டும். ஓடும்போது கேரவனுக்குள் யாரும் இருக்கக்கூடாது, மாமி படுக்க ஆசைப்பட்டாலும். எம்4இல் பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ் பாலத்துக்கு 2018 டிசம்பரில் இருந்து கட்டணம் இல்லை. ஆனால் புறப்படும் முன் காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். எம்4 முடியும் பொன்ட் ஏப்ரஹாமில் நிறுத்தி, எல்லோரும் கழிவறை போய், பண்ணைக்காரருக்கு ஒரு அழைப்பு எடுங்கள்.

அங்கிருந்து ஏ48இல் கார்மார்தன் வரை நல்ல பாதை. அதற்குப் பிறகு, நாட்டுப்புறத்தில் ஒரு தபால் குறியீடு பல பண்ணைகளை உள்ளடக்கும் என்பதால், சட்நாவ் வழிகாட்டிக் கருவியை நம்பாமல் பண்ணைக்காரர் சொன்ன வழியிலேயே போங்கள். வேலிகளுக்கு நடுவே ஒரு வாகனம் மட்டுமே போகும் ஒழுங்கைகள் உண்டு. எதிரே டிராக்டர் வந்தால் அவசரப்பட்டுப் பின்னால் எடுக்காமல் நில்லுங்கள், ஒருவர் இறங்கி நடந்து வழிகாட்டட்டும். பிற்பகலில், வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். கோயிலுக்கும் கேரவனை இழுத்துப் போகாதீர்கள். தளத்தில் விட்டுவிட்டுக் காரில் போவதுதான் வசதி.

கேரவனை நிறுத்தும்போது பக்கத்து வாகனத்தில் இருந்து 6 மீற்றர் இடைவெளி விடுங்கள். பக்கவாட்டு மட்டத்தைச் சக்கரத்தின் கீழே சரிவுக் கட்டை வைத்தும், முன்பின் மட்டத்தைக் கேரவனின் முன்னால் உள்ள சின்னத் துணைச் சக்கரத்தாலும் சரிசெய்யுங்கள். நான்கு மூலைக் கால்களால் கேரவனைத் தூக்கக்கூடாது, அவை ஆடாமல் பிடிப்பதற்கு மட்டும். வரும் வழியில் படலை எப்படி இருந்ததோ அப்படியே விட்டு வாருங்கள். பிள்ளைகள் மாட்டையோ ஆட்டையோ தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். பண்ணையில் உள்ள ஈ கோலை போன்ற கிருமிகளுக்குக் கை ஜெல் போதாது. மாலையில் கால், முழங்கால் மடிப்பு, தலைமுடி ஓரத்தில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் நாளே வெளியேறும் வழியையும் யோசித்து நிறுத்துங்கள். இரவெல்லாம் மழை பெய்தால் முன்சக்கரத்தால் ஓடும் கார் ஈரப் புல்லில் ஏற்றத்தில் இழுக்கமாட்டாது. ஆகவே கேரவனின் முகம் இறக்கத்தை நோக்கியோ வாசல் பக்கமோ இருக்கட்டும். சக்கரம் சுழன்றால் இன்னும் அமுக்காதீர்கள், குழிதான் ஆழமாகும். பண்ணைக்காரரிடம் டிராக்டர் இருக்கும். அவரைக் கூப்பிட்டு, உதவிக்குக் காசு கொடுக்க முன்வாருங்கள், பழுதான புல்லுக்கும் ஒரு மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த வருடமும் அங்கே இடம் கிடைக்கும்.