எச்சரிக்கை வந்த பிறகு யார் போகிறார்கள்?

அன்புள்ள ஐயா,

வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர் நான். எங்கள் நிறுவனத்தில் மெஷின் லேர்னிங் மென்பொருள் (பழைய பதிவுகளைப் பார்த்துத் தானே பழகிக்கொள்வது) ஒன்று வந்திருக்கிறது. நாடி, ரத்த அழுத்தம், எடை, எங்கள் குறிப்புகள் இவற்றை வைத்து, அடுத்த வாரத்துக்குள் யாருக்கு உடம்பு மோசமாகும் என்று முன்பே சொல்லுமாம். 90 சதவீதம் துல்லியம் என்கிறார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். இதை நம்புவதா, விடுவதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அவர்கள் சொல்வதும் பொய்யில்லை, நீங்கள் பார்ப்பதும் பொய்யில்லை. ஒரு கணக்கு போடுவோம். 1,000 நோயாளிகளில் ஒரு வாரத்தில் 20 பேருக்கு நிலைமை மோசமாகிறது என்று வையுங்கள். மென்பொருள் அதில் 18 பேரைப் பிடித்துவிடுகிறது. மீதி 980 பேரில் பத்தில் ஒருவரை, அதாவது 98 பேரை, தப்பாகக் காட்டுகிறது. மீதி 882 பேரையும் அந்த 18 பேரையும் சேர்த்து 900 பேரைச் சரியாகச் சொல்லிவிட்டது, துல்லியம் சரியாக 90 சதவீதம். ஆனால் 116 எச்சரிக்கையில் நிஜம் 18தான். ஆறேழு வீடு ஏறி இறங்கினால் ஒன்றில்தான் ஆபத்து இருக்கும். ('எல்லாரும் நலம்' என்று தினமும் சொல்லும் சோம்பேறி மென்பொருளுக்கு இதே கணக்கில் 98 சதவீதம் கிடைக்கும்!) ஆகவே துல்லியத்தை விடுங்கள். எச்சரிக்கைகளில் எத்தனை நிஜம், தவறவிட்டவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், எச்சரிக்கைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது. அமெரிக்காவில் 1,653 இதயச் செயலிழப்பு நோயாளிகளை வைத்து நடந்த டெலி-எச்எஃப் ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு பாதிப் பேர் தானியங்கித் தொலைபேசியில் தினமும் எடையையும் அறிகுறிகளையும் சொல்ல வேண்டும். மருத்துவமனைச் சேர்க்கையும் குறையவில்லை, மரணமும் குறையவில்லை. பலர் போகப்போக அழைப்பதையே விட்டுவிட்டார்கள். 2018இல் வெளியான, இதே மாதிரியான ஜெர்மனியின் டிம்-எச்எஃப்2 ஆய்வில் பலன் தெரிந்தது. அங்கே மறுமுனையில் 24 மணி நேரமும் மருத்துவர்களும் செவிலியர்களும் இருந்தார்கள். நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதமும் வேறுதான், ஆனாலும் ஆள் இருந்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இன்னொன்று, இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் 'மருத்துவமனையில் சேர்ந்தாரா' என்பதை வைத்துத்தான் பழகுகின்றன. துணைக்கு ஆளில்லாமலோ பணமில்லாமலோ வீட்டிலேயே முடங்கியவர் அதன் கண்ணுக்கு ஆரோக்கியசாலி. 2019இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இதே மாதிரி ஒரு கோளாறைக் காட்டியது. சிகிச்சைச் செலவை நோயின் அளவாக எடுத்துக்கொண்டதால், குறைவாகச் செலவிடப்பட்ட அமெரிக்கக் கறுப்பின நோயாளிகளின் தேவையை அங்கே பயன்பட்ட ஒரு மென்பொருள் குறைத்து மதிப்பிட்டது.

நம்புவதா விடுவதா என்றால், பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது சும்மா இருக்கிறது என்பதற்காக உங்கள் சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள். குறிப்பில் 'வழக்கம்போல' என்று எழுதாமல், 'நேற்று எழுந்து நடந்தார், இன்று கட்டிலைவிட்டு இறங்கவில்லை' என்று எழுதுங்கள். அப்புறம் நிறுவனத்திடம் ஒரே கேள்வி: சனிக்கிழமை ராத்திரி எச்சரிக்கை வந்தால் யார் போவது? அதற்கு ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்கிவிடுங்கள்.