எந்த லட்சுமி?

(மருத்துவமனை வார்டுகளில் 26 ஆண்டுகள் செயலராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: மருத்துவமனை வார்டில் செயலர் வேலை கிடைத்திருக்கிறது. 'போன் எடுப்பதும் தாள் அடுக்குவதும்தானே' என்கிறார் என் அண்ணன். அவ்வளவுதானா?

பதில்: போனும் தாளும்தான். அந்தத் 'தானே'தான் உதைக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம். வார்டில் இரண்டு லட்சுமிகள். 7ஆம் படுக்கையில் ஒருவர், 17இல் ஒருவர். லேபிலிருந்து போன் வந்தது: "உங்கள் வார்டு லட்சுமிக்குப் பொட்டாசியம் 6.8." போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, எதிரே நின்றவருக்கு எக்ஸ்ரே அறைக்கு வழி காட்டியபடியே, துண்டுத் தாளில் 'லட்சுமி 6.8' என்று கிறுக்கி நர்ஸிடம் நீட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்த லட்சுமி?"

விழித்தேன். பொட்டாசியம் 5ஐ ஒட்டி அடங்கியிருக்க வேண்டும், 6.5ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம் என்பதெல்லாம் அன்றுவரை எனக்குத் தெரியாது. நர்ஸ் லேபைத் திரும்பக் கூப்பிட்டார். லைன் கிடைக்கும்வரை இரண்டு படுக்கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். 7ஆம் படுக்கை லட்சுமி அசந்து கிடந்தார். 17ஆம் படுக்கை லட்சுமி, பார்க்க வந்த பேத்திக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். லேப் சொன்ன முடிவு, சடை பின்னியவருடையது. நானாக ஊகித்திருந்தால் மற்றவரைக் காட்டியிருப்பேன். நல்லவேளை, உடனே சிகிச்சை தொடங்கிவிட்டார்கள்.

ஆகவே பெயரோடு பிறந்த தேதியோ பதிவு எண்ணோ கேட்காமல் எதையும் குறிக்காதீர்கள். நோயாளியை அறிய இரண்டு அடையாளங்களாவது வேண்டும், அறை எண் அதில் சேராது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே சொல்லியிருக்கிறது. படுக்கைதான் ஒரே நாளில் இரண்டு முறை மாறுமே! லேபிலிருந்து அவசரமான முடிவு என்றால் போனை நர்ஸிடமே கொடுத்துவிடுங்கள். ஆள் இல்லையென்றால் எழுதுங்கள், எழுதியதை லேப்காரருக்கே படித்துக் காட்டுங்கள், பிறகு ஓடுங்கள்.

கேள்வி: காலையில் டாக்டர் 'வீட்டுக்குப் போகலாம்' என்கிறார். மாலைவரை அனுப்புவதில்லை. திட்டு செயலருக்குத்தானாமே?

பதில்: செயலருக்கேதான். வார்டு வாசலில் உட்கார்ந்திருப்பது நாம்தானே. டாக்டர் சொன்ன பிறகுதான் டிஸ்சார்ஜ் சம்மரி எழுத ஆள் தேட வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், மீந்த மருந்தை மருந்தகத்துக்குத் திருப்ப வேண்டும். அதற்குப் பிறகே பில். 'இதோ ஆகிவிடும்' என்று சொல்லிச் சொல்லி நானும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். 'சம்மரி தயார், கையெழுத்துதான் பாக்கி, டாக்டர் அறுவை அரங்கில் இருக்கிறார்' என்று உள்ளதைச் சொல்லத் தொடங்கிய பிறகு குரல்கள் தணிந்தன. எல்லாக் குரல்களும் அல்ல.

கேள்வி: நோயாளியின் நிலை பற்றிப் போனில் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: ஒன்றும் சொல்லாதீர்கள், நர்ஸிடம் இணையுங்கள். ஒருமுறை ஒரே நோயாளியைக் கேட்டு 'நான் அவருடைய தம்பி பேசுகிறேன்' என்று மூன்று பேர் அழைத்தார்கள். அவரிடமே போய்ச் சொன்னேன். தனக்குக் கூடப்பிறந்தவர் யாருமே இல்லை என்றார்.