பழைய பைனாகுலரை விற்கலாமா?

கையடக்கமான பழைய பைனாகுலர் வைத்துப் பறவை பார்ப்பவர்கள் எழுதலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் பார்த்தால், நம் ஊர்ப் பரண்களில் இத்தனை பைனாகுலர்களா தூங்குகின்றன என்று இருக்கிறது. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

அப்பா 1980-களில் வாங்கிய ரஷ்ய பைனாகுலர் வீட்டில் இருக்கிறது. 8×30 என்று போட்டிருக்கிறது. மகன் புதிதாக 10×42 வாங்கித் தருகிறேன் என்கிறான். பழையதை யாருக்காவது கொடுத்துவிடலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை

கொடுக்காதீர்கள் ஐயா. மகன் வாங்கித் தருவதை வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள், அது வேறு கணக்கு.

8×30 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸின் விட்டம் 30 மில்லிமீட்டர். ஜெர்மனியில் ஜெய்ஸ் கம்பெனி 1920 வாக்கிலேயே டெல்ட்ரின்டெம் என்ற பெயரில் இந்த அளவைச் செய்ய ஆரம்பித்துவிட்டது; சோவியத் தொழிற்சாலைகளும் ஜப்பான்காரர்களும் பிறகு பல பத்தாண்டுகள் ஏறக்குறைய அதே உருவத்தைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவ்வளவு காலம் ஒரு அளவு நிலைத்ததற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பைனாகுலரின் உடம்பில் 8.5 டிகிரி என்றோ, 1000 மீட்டருக்கு 150 மீட்டர் என்றோ ஒரு எண் இருக்கும், பாருங்கள். அதுதான் பார்வைப் பரப்பு. கருவேல மரம் ஒன்று 20 மீட்டர் தள்ளி நிற்கிறது என்றால் அதில் 3 மீட்டர் அகலம் ஒரே பார்வைக்குள் வந்துவிடும், கதிர்க்குருவி கிளைக்குக் கிளை தாவினாலும் நீங்கள் பைனாகுலரை அசைக்காமலே அதன் பின்னால் போகலாம். பத்து மடங்குக் கருவிகளில் இந்த அகலம் பெரும்பாலும் குறைந்துவிடும், பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பக்கத்து வயலுக்குப் போயிருக்கும்.

அப்புறம் இன்னொரு சுகம். பழைய 8×30-களில் முன் லென்ஸ்கள் இரண்டும் நம் கண்களுக்கு இடையில் உள்ள தூரத்தைவிட அகன்று நிற்கும். உள்ளே இருப்பது போரோ பிரிசம், 1854-இல் இத்தாலிக்காரர் இக்னாசியோ போரோ காப்புரிமை வாங்கிய அமைப்பு. தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்துவதற்காக ஒளியை மடக்கித் திருப்பி அனுப்புகிறது, அந்த மடிப்பினால்தான் லென்ஸ்கள் தோள்பட்டை மாதிரி அகன்று நிற்கின்றன. அதன் பலன், ஆழம் தெரிகிறது: முன்னால் இருக்கும் இலை முன்னாலும் பின்னால் இருக்கும் பறவை பின்னாலும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். இன்றைய நேர்க்குழல் கருவிகளில், எவ்வளவு விலை கொடுத்தாலும், இந்த அளவுக்குக் கிடைக்காது. எனக்கு இது ஒன்றுக்காகவே பழையவை பிடிக்கும்.

ரஷ்யக் கண்ணாடியில் லேசான மஞ்சள் சாயல் இருக்கும், கொக்கின் வெள்ளை கொஞ்சம் பால் ஏடு நிறத்தில் தெரியும். வெளிர்நிற உள்ளான்களின் சாம்பலையும் பழுப்பையும் பிரிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றபடி இரண்டு நாளில் கண் பழகிவிடும்.

ஆன்லைனில் 30×60 என்று சிவப்பு லென்ஸோடு ஒரு சின்ன பைனாகுலர் மலிவாகக் கிடைக்கிறது. 8 மடங்கைவிட 30 மடங்கு நல்லதுதானே?
– கல்லூரி மாணவர், சேலம்

இல்லை. அந்தக் கையளவு டப்பாவில் 60 மில்லிமீட்டர் லென்ஸ் எங்கே உட்காரும் என்று ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள், அந்த எண் எவ்வளவு நம்பத்தக்கது என்று தெரிந்துவிடும். சிவப்புப் பூச்சு, தரம் குறைந்த லென்ஸின் நிறப்பிழையை மறைப்பதற்காகச் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மிச்சம் வருவது பச்சையும் நீலமுமாக ஒரு உலகம். பனங்காடையும் மீன்கொத்தியும் ஒரே நீலமாகத் தெரிந்தால் பறவை பார்ப்பதில் என்ன இருக்கிறது? கையில் பிடித்துப் பார்ப்பதற்குப் பத்து மடங்கே அதிகம் என்பது என் கட்சி. கருவி எவ்வளவு பெருக்குகிறதோ அவ்வளவுக்குக் கையின் நடுக்கத்தையும் பெருக்குகிறது, ஏப்ரல் மாதம் பத்து மணிக்கு மேல் ஏரியிலிருந்து எழும் வெப்ப அலையையும் சேர்த்துப் பெருக்குகிறது.

லைக்கா 8×20 மடக்குப் பைனாகுலர், சிங்கப்பூரில் இருந்த சித்தப்பா கொடுத்தது. அழகாக இருக்கிறது, ஆனால் பார்க்கும்போது கறுப்புக் கறுப்பாக வந்து மறைக்கிறது. வேடந்தாங்கலுக்கு எடுத்துப் போனால் உபயோகப்படுமா?
– வாசகி, செங்கல்பட்டு

மறைப்பது கருவியின் கோளாறு இல்லை அம்மா, நீங்கள் பார்க்கும் கோணம். பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடித்து வானத்தைப் பார்த்தால் கண் லென்ஸில் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் அதன் அளவு. உங்களுடையதில் 20-ஐ 8-ஆல் வகுத்தால் இரண்டரை மில்லிமீட்டர். 8×30-இல் அதுவே மூன்றே முக்கால். நல்ல வெயிலில் நம் கண்மணி இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது, அதனால் காலை எட்டு மணிக்குமேல் உங்கள் குட்டிக் கருவி பெரிய கருவிக்கு வெளிச்சத்தில் ஒன்றும் குறைந்ததல்ல. ஆனால் இரண்டு வட்டங்களும் கண்மணிக்கு நேராக வந்து உட்கார வேண்டும், ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கறுப்பு விழும். அதற்குத்தான் நடுவில் இரண்டு கீல்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுக்கத் திறந்து மறுபக்கத்தை அரைகுறையாக விடாமல், இரண்டையும் ஒரே அளவு திறந்து, இரண்டு வட்டங்களும் ஒன்றாகச் சேரும் இடத்தில் நிறுத்துங்கள். கட்டை விரல்கள் கன்னத்தில், முழங்கைகள் விலாவில். லேசான கருவிதான் அதிகம் ஆடும், அதனால் மரமோ தூணோ கிடைத்தால் சாய்ந்துகொள்ளுங்கள்.

வேடந்தாங்கலில் பறவைகள் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, வர்ணநாரை எல்லாம் உருவத்தில் பெரியவை, எட்டு மடங்குக்குத் தாராளமாகத் தெரியும். நத்தைகுத்தியின் அலகுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைக்கூடப் பார்த்துவிடலாம். மாலை ஆறு மணிக்கு மந்தை மந்தையாக அடைய வருமே, அப்போதுதான் இந்தக் கருவி கைவிடும். வெளிச்சம் குறையக் குறையக் கண்மணி விரியும், இரண்டரை மில்லிமீட்டர் அதற்குப் போதாது. பார்வைப் பரப்பும் 1000 மீட்டருக்கு 110 மீட்டர் சுமார்தான், அந்த மயிலாடுதுறை ஐயாவின் ரஷ்யக் கருவி காட்டுவதில் பரப்பளவுக் கணக்குக்குப் பாதியை ஒட்டி வரும்.

இருந்தாலும் எடை கால் கிலோவைத் தொடாது. கைப்பையில் சாவிக்கொத்தோடு கிடக்கும், காய்கறி வாங்கப் போகும்போதும் உடன் வரும், பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர்க் கம்பியில் பஞ்சுருட்டான் வந்து உட்கார்ந்தால் எடுத்துப் பார்க்கலாம், அது தேனீயைப் பிடித்து வந்து கம்பியில் தேய்த்து அடித்துக் கொடுக்கை எடுத்துவிட்டு விழுங்குவது வரைக்கும். பெரிய 10×50 அந்நேரம் வீட்டு அலமாரியில் இருக்கும்.

மூக்குக்கண்ணாடி போட்டால் நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரிகிறது. பழைய கருவிகள் எல்லாமே இப்படித்தானா?
– வங்கி ஊழியர், திருச்சி

பெரும்பாலும் ஆமாம். கண்ணாடி போட்டவருக்குக் கண் லென்ஸிலிருந்து குறைந்தது 15 மில்லிமீட்டர் தள்ளியிருந்தும் முழுப் படம் தெரிய வேண்டும், பழைய அகலப்பார்வைக் கருவிகளில் அந்தத் தூரம் அதைவிடக் குறைவு. ரப்பர் விளிம்பு என்றால் மடித்துவிடுங்கள். உங்களுக்குக் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும்தான் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பாருங்கள், ஃபோகஸ் சக்கரம் அதைச் சரிக்கட்டிவிடும். சிலிண்டர் பவர் கணிசமாக இருந்தால் அது நடக்காது, புதுக் கருவிதான்.

எஸ்டேட்டில் வேலை பார்த்த மாமனாரின் லைட்ஸ் ட்ரினோவிட் 8×32, ஒல்லியாக நேர்க்குழலாக இருக்கும். இப்போதைய மலிவான கருவியில்கூடப் படம் இதைவிடப் பளிச்சென்று இருப்பதாக மருமகன் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், வால்பாறை

பளிச்சென்பதில் மருமகன் சொல்வதில் விஷயம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நேர்க்குழல் கருவிகளில் கூரை வடிவப் பிரிசம் ஒளியை இரண்டாகப் பிரித்து மீண்டும் சேர்க்கிறது, சேரும்போது அலைகள் கொஞ்சம் முன்பின்னாகி நுணுக்கம் மங்கும். 1988-இல் ஜெய்ஸ் இதைச் சரிசெய்யும் பூச்சைக் கொண்டுவந்தது, பிறகு மற்றவர்களும். உங்களுடையது அதற்கு முந்தியது. போரோ பிரிசத்துக்கு இந்தத் தொல்லையே கிடையாது, அதனால்தான் அதே வயதுள்ள சாதாரண ஜப்பான் 8×30 சில சமயம் விலை உயர்ந்த ஜெர்மன் கருவியோடு போட்டி போடும்.

எல்லாம் சரி, கையில் பிடித்தால் அந்த ட்ரினோவிட் எப்படி உட்காருகிறது! ஃபோகஸ் சக்கரம் எண்ணெயில் ஓடுவதுபோல ஓடும். சோலைக்காட்டு ஓரத்தில் நல்ல வெளிச்சத்தில் நீலகிரி ஈப்பிடிப்பானைப் பாருங்கள், பூச்சு இல்லாத குறை நினைவுக்கே வராது.

பழையது வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? தலைவலி வராமல் இருக்க வேண்டும்.
– வாசகர், மதுரை

தலைவலி என்று சரியான இடத்தைத் தொட்டீர்கள். கீழே விழுந்த கருவியில் பிரிசம் நகர்ந்து இரண்டு குழல்களும் வேறு வேறு திசையைப் பார்க்கும். நம் மூளை இரண்டையும் இழுத்துச் சேர்த்துக் காட்டிவிடுவதால் கடையில் தெரியாது, அரை மணி நேரம் பார்த்தபின் நெற்றி வலிக்கும்போதுதான் தெரியும். தூரத்து மின்கம்பியைக் கிடைமட்டமாகப் பார்த்துக்கொண்டே கருவியைக் கண்ணிலிருந்து மெல்ல ஒரு சாண் பின்னால் கொண்டுபோங்கள். இரண்டு வட்டங்களிலும் கம்பி ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் வாங்காதீர்கள். சரிசெய்ய ஆள் கிடைப்பது கஷ்டம்.

அடுத்தது, முன் லென்ஸில் ஒரு விளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் ஒளி திரும்பிப் போகாமல் தடுக்கும் பூச்சே இல்லை. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு ஒளி திரும்பிப் போய்விடும், உள்ளே பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு காலி. நீலமோ ஊதாவோ என்றால் பூச்சு உண்டு. இதை 1935-இல் ஜெய்ஸில் வேலை பார்த்த அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்தார், போர் முடியும்வரை ஜெர்மன் ராணுவம் வெளியே விடவில்லை. பிறகு டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து உள்ளே பாருங்கள், ஒட்டடைமாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஜெய்ஸ் ஜெனா என்று பொறித்த போலிகள் ஏராளம். பெயரே கேள்விப்படாத ஜப்பான் கருவியில் பொன்னிறத்தில் 'பாஸ்டு' என்று நீள்வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அது அந்நாட்டுப் பரிசோதனை நிலையத்தைத் தாண்டி ஏற்றுமதியானது; நான் அதையே எடுப்பேன்.

பூஞ்சை வராமல் வைப்பது எப்படி? தோல் உறையில் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்.
– வாசகி, நாகப்பட்டினம்

தோல் உறைதான் வில்லன். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். உறையைத் தனியாக வையுங்கள், கருவியைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போடுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம், மாவு கீல் வழியாக உள்ளே போகும். எல்லாவற்றையும்விட, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். துடைக்கும்போது முதலில் ஊதித் தூசியைத் தள்ளுங்கள், பிறகு மெல்லிய துணி. முந்தானை கூடாது, மணல் துகள் ஒன்று போதும் பூச்சைக் கீற.

ஜூம் கேமரா இருக்கும்போது பைனாகுலர் எதற்கு?
– வாசகர், கோவை

படம் வேண்டுமென்றால் கேமராதான். ஆண் ஊதாத் தேன்சிட்டு வெயிலில் திரும்பும்போது கறுப்பு நீலமாகி, நீலம் ஊதாவாகி, மறுபடி கறுப்பாவதை இரண்டு கண்ணாலும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமென்றால் பைனாகுலர். கேமரா வைத்திருப்பவர் அந்நேரம் பெரும்பாலும் திரையில் முந்தைய படம் ஷார்ப்பாக வந்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

பத்து வயது மகள், பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேர ஆசைப்படுகிறாள். எதைக் கொடுப்பது?
– வாசகர், தஞ்சாவூர்

நல்ல ஆசை. பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று எண்ணினால் ஒரு பட்டியல், மொட்டை மாடியே போதும். குழந்தையின் கண்கள் நெருக்கமாக இருக்கும், பல பெரிய கருவிகள் அவ்வளவு நெருக்கத்துக்கு மடங்காது, அதை வாங்குவதற்குமுன் கட்டாயம் சோதியுங்கள். ஆறு அல்லது எட்டு மடங்கு போதும். நிக்கான் 1921-லேயே மிக்ரான் என்று உள்ளங்கையளவு கருவி செய்தது, அதன் வாரிசான 6×15 இன்று சுமார் 130 கிராம்தான், கண்ணில் பட்டால் விடாதீர்கள். கழுத்துப் பட்டையைச் சுருக்கி நெஞ்சுக்கு மேலே நிற்கிறபடி கட்டுங்கள். பறவையிலிருந்து பார்வையை எடுக்காமலே கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழக்குங்கள், குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை இருக்காது. பருந்தைத் துரத்திக்கொண்டே போய்ச் சூரியனில் போய் நின்றுவிடக் கூடாது, ஒரு நொடிகூட ஆபத்து. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.