சினிமா கேள்வி–பதில்: டிடெக்டிவ் டீயும் அவருடைய முன்கதையும்

கேள்வி: ஆண்டி லாவ் நடித்த டிடெக்டிவ் டீ படத்தை எப்போதோ பார்த்திருக்கிறேன். பிறகு வந்த ‘யங் டிடெக்டிவ் டீ’ அதற்கு முந்தைய கதை என்கிறார்கள். வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்டும்போது எதை முதலில் போடுவது? (திருச்சி வாசகர்)

பதில்: வெளிவந்த வரிசையிலேயே போடுங்கள். ‘ஃபேண்டம் ஃப்ளேம்’ 2010, ‘ரைஸ் ஆஃப் த சீ டிராகன்’ 2013. இரண்டையும் இயக்கியவர் ட்சுய் ஹார்க்தான். முதல் படத்தின் கதை, சீனப் பேரரசி வு ஸெதியென் முடிசூடப்போகும் நாட்களில், அதாவது 690-ஐ ஒட்டி நடக்கிறது. முன்கதையோ 665-ல். கதையின் காலவரிசைப்படி பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் முன்கதையில் டீயின் உயிர்த்தோழனாக வரும் ஷாதுவோ ஜோங் என்ற வைத்தியர் யார், பின்னாளில் என்ன ஆகிறார் என்பது தெரிந்தால்தான் அவர் அடிக்கும் ஒவ்வொரு ஜோக்கும் உறைக்கும். மாற்றிப் பார்த்தால் இரண்டு படத்துக்கும் நஷ்டம்: முன்கதையில் அவர் வெறும் காமெடியன், முதல் படத்தில் அவர் வந்த உடனேயே சந்தேகம்.

ஒரு எச்சரிக்கை. முதல் படத்தில் உயிரோடு இருக்கும் மனிதர்கள் உள்ளிருந்து பற்றி எரிந்து, முகம் கரிந்து உதிர்வதை நெருக்கத்தில் காட்டுகிறார்கள். பத்து வயதுக்குக் கீழே இருந்தால் ராத்திரியில் தூக்கம் போகும். முன்கதையில் உள்ள செதில் மனிதனை அந்த வயதுப் பிள்ளைகள் தாங்கிவிடுவார்கள்.

கேள்வி: இரண்டும் துப்பறியும் கதைதானே? முன்கதை ஏன் துப்பறியும் படம் மாதிரியே இல்லை? (மதுரை வாசகி)

பதில்: படங்களைப் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடவும். முடிச்சை அவிழ்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதல் படத்தில் துப்பு நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. லுவோயாங் நகரில் அரண்மனைக்கு எதிரே 66 ஜாங் (பழைய சீன நீள அளவு) உயரத்துக்கு ஒரு புத்தர் சிலை எழுகிறது. கிட்டத்தட்ட 200 மீட்டர். கட்டட மேற்பார்வையாளர், உள்ளே நடுத்தூணில் ஒட்டியிருந்த மந்திரத் தகடுகளைத் தொட்டு நகர்த்துகிறார். சற்று நேரத்தில் வெளியே வந்து எரிந்து சாகிறார். சாமி குத்தம் என்று தொழிலாளர்கள் நடுங்குகிறார்கள். அடுத்து இன்னொரு அதிகாரியும் அதே மாதிரி சாகிறார். இருவரும் எரியத் தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள்: நிழலை விட்டு வெயிலில் கால் வைத்த பிறகுதான். இயக்குநர் இதை ஒளிக்கவே இல்லை. தகடு, சாபம், பேசும் மான் என்று நம் கண்ணை வேறு பக்கம் இழுக்கிறார், அவ்வளவுதான். காரணம் ஒருவகை விஷ வண்டு. அதன் நஞ்சு உடம்புக்குள் போனவர் மேல் வெயில் பட்டால் தீ. ‘அட, இதைத்தானே முதலிலிருந்து காட்டினார்கள்’ என்று பார்வையாளன் தலையில் அடித்துக்கொள்வதில்தான் துப்பறியும் கதையின் ருசி இருக்கிறது.

குற்றவாளி யார் என்பதும் டீயின் சொந்த வாழ்க்கையிலிருந்தே வருகிறது. பேரரசியை எதிர்த்ததற்காக டீ எட்டு வருஷம் சிறையில் கிடந்தவர். அதே எதிர்ப்பில் கூட நின்று, சித்திரவதையில் ஒரு கையை இழந்த பழைய தோழர்தான் ஷாதுவோ. முடிசூட்டு விழா அன்று அந்தச் சிலையை அரண்மனை மேல் சரிய வைப்பது அவர் திட்டம். தான் எதிர்த்த அரசியைத் தன் நண்பனிடமிருந்தே காப்பாற்ற வேண்டிய நிலை டீக்கு. கொலையாளி பிடிபட்ட பிறகும் படம் கனப்பது அதனால்தான்.

முன்கதையில் அந்தப் பின்னல் இல்லை. போருக்குப் போன கப்பற்படையைக் கடலுக்குள் இருந்து ஏதோ ஒன்று நொறுக்குகிறது. பத்து நாளில் கண்டுபிடிக்காவிட்டால் தலை போகும் என்று அதிகாரி யூச்சி ஜென்ஜின்னுக்கு ஆணை. கடல் தெய்வத்துக்குப் பலியாக ஒரு நடன அழகியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவளைத் தேடிச் செதில் முளைத்த ஒரு மனிதன் வருகிறான். டீ இங்கே துப்பறிவது பெரும்பாலும் திறமையால், துப்பால் இல்லை. தூரத்தில் பேசுகிறவர்களின் உதட்டைப் படித்தே கடத்தல் திட்டத்தைத் தெரிந்துகொள்கிறார். பார்க்கச் சுவாரஸ்யம்தான். ஆனால் நாமும் கூடவே கண்டுபிடிக்க அதில் வழியில்லை. அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்கு ஒரு விதிவிலக்கு, தேநீர். அரண்மனைக்குப் போகும் உயர்ரகத் தேயிலையில் ஒட்டுண்ணியைக் கலந்திருக்கிறார்கள். அரசவையே தினம் குடிக்கிறது. செதில் மனிதனாகிப்போன தேநீர்க்கடைக்காரனும், அதாவது அந்த நடன அழகியின் காதலனும், அதே ஒட்டுண்ணிக்குத்தான் இரையாகியிருக்கிறான். காதல் கதையும் அரசியல் சதியும் ஒரே கோப்பையில் கலக்கும் இந்த இழை, முதல் படத்துக்குச் சமமானது. இதையே முதுகெலும்பாக வைத்துக் கடல் மிருகத்தை ஓரம் கட்டியிருந்தால் வேறு படம் கிடைத்திருக்கும். கடைசி அரை மணி நேரம் மிருகத்துக்குப் போய்விட்டது.

கேள்வி: சண்டைக் காட்சிகளில் எது மேல்? முன்கதை 3டி என்பதால் வித்தியாசம் உண்டா? (கோவை வாசகர்)

பதில்: நிறையவே உண்டு. முதல் படத்துக்குச் சண்டை அமைத்தவர் சாமோ ஹங். அவர் பீக்கிங் ஓபரா பள்ளியில் பயின்றவர். ரோப்பில் தூக்கினாலும் காலுக்குக் கீழே தரை இருப்பதை மறக்க விடமாட்டார். விடுதி அறைக்குள் அம்பு மழை பொழியும் காட்சியைப் பாருங்கள். அறை சின்னது, தூண், கட்டில், கதவு எல்லாம் எங்கே இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். ஒவ்வொரு அம்பும் எங்கிருந்து வந்து எதில் குத்துகிறது என்பது புரிகிறது. இடம் தெரிந்தால்தான் ஆபத்து தெரியும்.

டீயின் ஆயுதமும் சாமோ ஹங்குக்குத் தோதானது. அது வாள் இல்லை. கூர் இல்லாத ‘ஜியென்’ என்ற இரும்புத் தண்டு. எதிரியின் ஆயுதத்தைத் தட்டி, அதிர்வில் பலவீனமான இடத்தைக் கண்டு, அங்கேயே ஒடிக்கும். வெட்டு, குத்து இல்லாமல், தட்டு, கேள், உடை என்று சண்டைக்கே ஒரு துப்பறியும் தாளம் வந்துவிடுகிறது. முன்கதை நெடுக டீ கையில் இந்த ஆயுதம் இல்லை. முடிவில்தான் பேரரசியின் கணவரான பேரரசர் காவ்ஸோங் அதைக் கொடுக்கிறார். கதைக்குப் பொருத்தம். சண்டைக்குத்தான் இழப்பு.

முன்கதையில் சண்டை அமைப்பு யுவென் பன், லின் ஃபெங். இங்கே அளவு பெரிது: செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்கியபடி மோதல், நீந்தத் தெரியாத டீயைச் சுமந்து தண்ணீருக்குள் பாயும் குதிரை என்று. 3டி-யில் சண்டை எடுப்பவர்களுக்கு வரும் சிக்கல் என்னவென்றால், ஷாட் மாறும்போதெல்லாம் காட்சியின் ஆழமும் மாறும்; கண் புதிதாகக் குவிய நேரம் வேண்டும். ஹாங்காங் பாணியில் அரை நொடிக்கு ஒரு வெட்டு என்று எடிட் செய்தால் பார்ப்பவருக்குத் தலைவலிதான் மிஞ்சும். அதனால் ஷாட்டை நீட்ட வேண்டும், ஆட்களை முன்னும் பின்னுமாக நிறுத்தி ஆழம் காட்ட வேண்டும். ரோப்பை அழிக்கும் வேலையும் இரட்டிப்பு. இடக்கண் பிம்பத்தில் அழித்ததை வலக்கண் பிம்பத்திலும் அச்சு அசலாக அதே இடத்தில் அழிக்க வேண்டும். இம்மி பிசகினாலும் அந்த இடம் மினுங்கும். ட்சுய் ஹார்க் 2011-லேயே ‘ஃப்ளையிங் ஸ்வோர்ட்ஸ் ஆஃப் டிராகன் கேட்’ படத்தில் இதைப் பழகிவிட்டார். அதனால் பாறைச் சண்டை 3டி-யில் அற்புதமாக இருக்கும்.

டிவியில் 2டி-யாகப் பார்க்கிறவர்களுக்குத்தான் பாவம். கேமராவை நோக்கிப் பறந்து வரும் ஒவ்வொரு பொருளும் காரணமில்லாமல் வருவதாகத் தெரியும். கிராஃபிக்ஸின் பிசிறும் கூடுதலாகக் கண்ணில் படும். 2டி-யில் ஒப்பிட்டால் என் ஓட்டு முதல் படத்துக்கே.

கேள்வி: டீ என்பவர் நிஜமாக வாழ்ந்தாரா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: வாழ்ந்தார். டி ரென்ஜியே, 630-ல் பிறந்து 700-ல் இறந்த, சீனாவின் தாங் வம்சக் காலத்து அதிகாரி. வழக்குகளை விசாரிக்கும் தலைமை அமைப்பான டாலிஸியில் வேலை பார்த்த ஒரே ஆண்டில் 17,000 பேர் சம்பந்தப்பட்ட வழக்குகளைத் தீர்த்தார் என்று பழைய வரலாற்று நூல் புகழ்கிறது. ஆனால் அது 670-களின் நடுவில். முன்கதை அவரைப் பத்து வருஷம் முன்னதாகவே அங்கே சேர்த்துவிடுகிறது. துரோகப் பழி சுமத்தப்பட்டு அவர் சிறைக்குப் போனதும் உண்மை. அது 692-ல், அதாவது வு ஸெதியென் 690-ல் அரியணை ஏறிய பிறகு. படத்தில் அதைத் தலைகீழாக்கி, முடிசூட்டுக்கு முன்பே எட்டு வருஷம் உள்ளே தள்ளிவிட்டார்கள். திரைக்கதைக்கு அதுதான் வசதி.

புத்தர் சிலையும் முழுக் கற்பனை இல்லை. லுவோயாங் அரண்மனை வளாகத்தில் மிங்தாங் என்ற மாபெரும் மண்டபத்தையும், அதன் பின்னே பிரம்மாண்டமான புத்தரை வைக்க அதைவிட உயரமான ஒரு கட்டடத்தையும் வு ஸெதியென் எழுப்பினார். 695-ல் இரண்டும் தீயில் போயின. சிலை, தீ, சதி என்ற மூன்றையும் முடிச்சுப் போட ஒரு கதாசிரியருக்கு வேறென்ன வேண்டும்? முன்கதையின் கடற்போர்ப் பின்னணிக்கும் வேர் உண்டு. 663-ல் கொரியக் கரையோரத்தில் தாங் கப்பற்படை ஜப்பானியப் படையோடு மோதியது. வரலாற்றில் தாங் படைதான் ஜெயித்தது, படத்தில்தான் மூழ்கடித்துவிட்டார்கள்.

கேள்வி: பேரரசியாக இரண்டிலும் ஒரே நடிகையா? (சேலம் வாசகி)

பதில்: ஆமாம், கரினா லாவ். டீயை மாற்றினார்கள் (ஆண்டி லாவுக்குப் பதில் மார்க் சாவ்), ஷாதுவோவை மாற்றினார்கள் (டோனி லியுங் கா-ஃபாய்க்குப் பதில் லின் கெங்ஷின்), அவரை மட்டும் மாற்றவில்லை. 2010 படத்துக்காக ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகை விருது வாங்கியவரை யார்தான் மாற்றுவார்கள்? ட்சுய் ஹார்க்குக்கும் அதே படத்துக்காகச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. 25 வருஷம் பின்னால் போகும் கதையில் மூன்று வருஷம் கூடுதல் வயதான நடிகை! ஆனாலும் உறுத்தவில்லை. முன்கதையில் கணவர் அரியணையில் இருக்க, திரைக்குப் பின்னிருந்து ஆட்டிவைப்பவர்; குரல் சற்று உயரும். முதல் படத்தில் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

மார்க் சாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டி லாவின் டீ பார்வையிலேயே கேலி செய்வார். சாவின் டீ நேர்மையான நல்ல பிள்ளை, கொஞ்சம் விறைப்பு. செம்பட்டை முடியோடு உறுமிக்கொண்டு வரும் யூச்சியாக ஃபெங் ஷாவ்ஃபெங்தான் படத்தைத் தட்டிச் செல்கிறார்.

கேள்வி: ‘இப் மேன்’ படத்துக்கும் முன்கதை உண்டாமே, ‘தி லெஜண்ட் இஸ் பார்ன்’? (சென்னை வாசகர்)

பதில்: கதைப்படி முன்கதை மாதிரி தெரியும், ஆனால் அது வேறு குழுவின் தனிப்படம். விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையின் ஆசான் இப் மேனைப் பற்றிய 2008-ன் ‘இப் மேன்’ வில்சன் யிப் இயக்கியது, நாயகன் டானி யென். 2010-ல் வந்த இந்தப் படத்தை இயக்கியவர் ஹெர்மன் யாவ், நாயகன் டென்னிஸ் டோ. தொடர்ச்சி தேடினால் குழம்பிப்போவீர்கள். 2008 படத்தில் சண்டைக்கு அலையும் வடசீன வஸ்தாதாக வந்த ஃபேன் சியு-வாங், இதில் இப் மேனின் வளர்ப்புச் சகோதரனாக வருகிறார். பார்க்கத் தகுந்த காரணம் ஒன்று உண்டு: இப் மேனின் நிஜ மகன் இப் சுன், 80 வயதைத் தாண்டிய நிலையில், லியுங் பிக் என்ற ஆசானாக விங் சுன் செய்துகாட்டுகிறார். ரோப் இல்லை, கிராஃபிக்ஸ் இல்லை. மணிக்கட்டு மட்டும் திரும்புகிறது. எதிரே நிற்பவர் நிலைகுலைகிறார்.

கேள்வி: டீ வரிசையில் மூன்றாவது படம் முதல் படத்தோடு வந்து சேர்கிறதா? (ஈரோடு வாசகர்)

பதில்: இல்லை. 2018-ல் வந்த ‘தி ஃபோர் ஹெவன்லி கிங்ஸ்’ முன்கதையின் தொடர்ச்சி. மார்க் சாவின் டீ கையில் புதிதாகக் கிடைத்த அந்தத் தண்டைப் பறிக்கப் பேரரசி திட்டம் போடுவதில் தொடங்குகிறது. ஷாதுவோ இதிலும் சிரித்த முகத்தோடுதான் இருக்கிறார். அவர் கை போன கதையை இன்னும் யாரும் படமாக எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மூன்றில் அதுதான் நல்ல முன்கதையாக இருந்திருக்கும்.