ஆன்டிவைரஸ் கன்சோலில் பாதி சிஸ்டம் சிவப்பு: ரீஇன்ஸ்டால் செய்தும் தீராதது ஏன்?

கேள்வி சுருக்கமாக: கீழமாசி வீதியில் ஆபீஸ், கப்பலூரில் குடோன், இரண்டும் சேர்த்து 35 சிஸ்டம். எண்ட்பாயிண்ட் செக்யூரிட்டியின் (எல்லா சிஸ்டத்தின் ஆன்டிவைரஸையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) சர்வர் ஆபீஸில் இருக்கிறது. அதன் நிர்வாகத் திரையான கன்சோலில் பாதிப் பெயர்கள் ‘தொடர்பில் இல்லை’ அல்லது ‘அப்டேட் பழையது’ என்று நிற்கின்றன. ரீஇன்ஸ்டால் செய்தால் ரெண்டு நாள் பச்சை, பிறகு பழைய கதைதான். என்ன செய்யலாம்?

முதலில் ரீஇன்ஸ்டாலை நிறுத்துங்கள். தொடர்பு எதனால் அறுந்தது என்று சொல்லும் லாக் (பதிவு ஃபைல்) அதோடு சேர்ந்து அழிந்துவிடும்.

கன்சோலில் தெரியும் சிவப்புக்குப் பின்னால் இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. ஏஜென்ட் (ஒவ்வொரு சிஸ்டத்திலும் உட்கார்ந்து சர்வருக்குத் தகவல் சொல்லும் சிறு புரோகிராம்) சர்வரோடு பேசுவது ஒன்று, டெஃபினிஷன் (வைரஸ்களை அடையாளம் காணும் பட்டியல்) இறங்குவது இன்னொன்று. சர்வர் கிடைக்காவிட்டால் நேராக இன்டர்நெட்டிலிருந்து எடுத்துக்கொள் என்று பாலிசியில் (கன்சோல் எல்லா சிஸ்டத்துக்கும் அனுப்பும் விதிகள்) போட்டிருந்தால், பேச்சு அறுந்த சிஸ்டமும் ஒழுங்காக அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும். அதனால் சிவப்பாக இருக்கும் நாலைந்து சிஸ்டத்தின் முன்னால் போய் உட்கார்ந்து, ஐகானைத் திறந்து டெஃபினிஷன் தேதியைப் பாருங்கள். தேதி இன்றைக்கோ நேற்றோ என்றால் அவசரம் இல்லை. தொடர்பை மட்டும் சரிசெய்தால் போதும். கன்சோலில் பச்சையாக இருந்து, தேதி மட்டும் பத்து நாள் பழையது என்றால் அந்த சிஸ்டத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

‘ரெண்டு நாள் பச்சை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. சர்வருக்கு நிலையான ஐபி முகவரி கொடுக்காமல், ரவுட்டரின் டிஹெச்சிபி (முகவரியைத் தானாகப் பங்கிடும் வசதி) கொடுப்பதையே வைத்துக்கொள்ளும்படி விட்டிருந்தால் இப்படித்தான் நடக்கும். கரண்ட் போய் வந்து ரவுட்டர் மறுபடி எழும்போது, யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்பதைப் பல சாதா ரவுட்டர்கள் மறந்துவிடும். காலையில் முதலில் ஆன் செய்த பில்லிங் சிஸ்டம் சர்வரின் பழைய முகவரியை வாங்கிக்கொள்ளும். சர்வருக்கு வேறொன்று கிடைக்கும். ஏஜென்ட்கள் எல்லாம் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். ரீஇன்ஸ்டால் செய்யும்போது பேக்கேஜில் அன்றைய முகவரி போவதால் அடுத்த மின்வெட்டு வரை ஓடுகிறது. சர்வருக்கு எப்போதும் ஒரே முகவரி கிடைக்க ரவுட்டரில் ரிசர்வேஷன் போடுங்கள், அல்லது டிஹெச்சிபி வரம்புக்கு வெளியே ஒரு முகவரியை சர்வரிலேயே நிலையாகக் கொடுங்கள். பிறகு ஏஜென்ட்களைப் புது முகவரிக்குத் திருப்ப ரீஇன்ஸ்டால் தேவையில்லை: காஸ்பர்ஸ்கியில் கேஎல்மூவர் என்ற சிறு கருவி இருக்கிறது, சைமன்டெக்கில் சர்வர் விவரம் இருக்கும் சைலிங்க் ஃபைலை மாற்றினால் போதும்.

பிராட்பேண்ட் ஆள் வந்து ரவுட்டரையே மாற்றிவிட்டுப் போயிருந்தால் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஐபி முகவரிகளின் 192.168.1 வரிசை 192.168.29 ஆவது கண்ணுக்குத் தெரியும். வரிசை மாறாவிட்டாலும், கேட்வே (வெளியே போகும் வாசலான ரவுட்டர்) புதிது என்பதால் விண்டோஸ் இதை வேறு நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு ‘பப்ளிக்’ புரொஃபைலில் போட்டுவிடலாம். ஆன்டிவைரஸ் சர்வருக்கான ஃபயர்வால் விதி பிரைவேட், டொமைன் இரண்டுக்கு மட்டும் இருந்தால் அந்த நொடியோடு எல்லா ஏஜென்ட்டும் வெளியே நிற்கும். சர்வரில் நெட்வொர்க் செட்டிங்கைத் திறந்து ‘பிரைவேட்’ ஆக்குங்கள்.

பிங் (ஒரு சிஸ்டம் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) வரவில்லை என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பிங் தடுக்கப்பட்டு, ஏஜென்ட் பேசும் எண்ணிட்ட வாசலான போர்ட் திறந்திருக்கும், எதிர்மாறாகவும் இருக்கும். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையில் சர்வர் முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். மாற்றாமல் விட்டிருந்தால் காஸ்பர்ஸ்கி ஏஜென்ட்டுக்கு 13000, ஈசெட்டுக்கு 2222, சைமன்டெக்கின் பழைய பதிப்புகளுக்கு 8014, பதிப்பு 14-க்கு 443. பிரவுசரில் நெட் வருகிறதே என்பதும் சாட்சி ஆகாது. ஏஜென்ட் ஓடுவது விண்டோஸின் ‘சிஸ்டம்’ என்ற உள் கணக்கில். யூசரின் பிராக்ஸி (நெட்டுக்குப் போகும் இடைத்தரகு சர்வர்) செட்டிங் அதற்குத் தெரியாது. ஃபயர்வால் பெட்டியில் ஹெச்டிடிபிஎஸ் ஸ்கேனிங் (பாதுகாப்பான இணைப்பை நடுவில் பிரித்துப் பார்ப்பது) ஓடினால், ஆன்டிவைரஸ் கம்பெனியின் வலைத்தள முகவரிகளை அதிலிருந்து விலக்கிவிடுங்கள்.

பழைய டெஸ்க்டாப்களில் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பட்டன் செல் தீர்ந்திருந்தால், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன் முடிந்து ஆன் செய்யும்போது தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லும் காலம் இன்னும் தொடங்கவே இல்லை என்று ஏஜென்ட் நினைத்து இணைப்பைத் துண்டிக்கும். டொமைனில் (ஆபீஸ் சர்வர் மொத்தமாக நிர்வகிக்கும் குழு) சேராத விண்டோஸ், இயல்பான செட்டிங்கில் 54,000 விநாடிக்கு மேல், அதாவது 15 மணி நேரத்துக்கு மேல் பிசகினால் நேரத்தைத் தானாகத் திருத்தாது. செல்லை மாற்றி, தேதியைக் கையால் ஒருமுறை சரிசெய்துவிட்டு நேர சர்வரைக் கொடுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு கடிகாரத்தைப் பொருத்தச் சொல்கிறது, அதையே போட்டுவிடலாம்.

எடைமேடையிலோ பார்கோடு பிரின்டரிலோ விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிறதா? அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இலேயே முடிந்துவிட்டது. கேபி 4474419 பேட்ச் இல்லையென்றால் ஷா-2 என்ற புது முறை டிஜிட்டல் கையெழுத்துள்ள புது மாட்யூல்களை அது ஏற்காது. டெஃபினிஷன் இறங்கும், புரோகிராம் அப்டேட் மட்டும் ஒவ்வொரு முறையும் தோற்கும். பேட்ச் போட்டுத் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். ஆனால் அந்த சிஸ்டத்தைத் தனி விலேனில் (நெட்வொர்க்கில் பிரித்து வைத்த பகுதி) ஒதுக்குவதுதான் என் சிபாரிசு.

குடோன் பக்கம் வேறு மாதிரி. கன்சோலின் போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடும் யோசனையே வேண்டாம். ரவுட்டரின் வெளிப்பக்க ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் நீங்கள் பகிர்வு முகவரியில் (பல வாடிக்கையாளருக்குச் சேர்த்துக் கொடுத்த ஒரே வெளி முகவரி) இருக்கிறீர்கள். போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. இரண்டு இடத்தையும் இணைக்கும் பாதுகாப்பான தனிப் பாதையான விபிஎன் போடுங்கள், அல்லது ஆன்டிவைரஸ் கம்பெனியே இன்டர்நெட்டில் நடத்தும் கிளவுட் கன்சோலுக்கு மாறுங்கள். விபிஎன் வழியே போர்ட் சோதனை தேறி, அப்டேட் மட்டும் பாதியில் தொங்கினால் பாக்கெட் அளவைச் சந்தேகிக்க வேண்டும். துண்டாக்காதே என்று சொல்லும் எஃப் ஸ்விட்ச்சோடு, விபிஎன் வழியே சர்வருக்கு 1464 பைட் பிங் அனுப்புங்கள். அது போனால் பாதை 1492 வரை தாங்குகிறது என்று அர்த்தம். போகாவிட்டால் போகும்வரை எண்ணைக் குறைத்து, கிடைத்ததோடு பாக்கெட்டின் தலைப்புக்கான 28 கூட்டி விபிஎன் எம்டியுவாக (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) வையுங்கள். குடோனில் எப்போதும் ஆனில் இருக்கும் ஒரு சிஸ்டத்தை அப்டேட் விநியோகிப்பாளராக நியமித்தால் ஒரே ஃபைலை எல்லா சிஸ்டமும் லைனில் தனித்தனியாக இழுக்காது. பொங்கல், சித்திரைத் திருவிழா லீவு முடிந்த காலை பத்து மணிக்கு எல்லாம் ஒன்றாக எழும்போது இதன் அருமை தெரியும். அப்டேட் டாஸ்க்கில் ஒரு மணி நேர ரேண்டம் தாமதமும் கொடுங்கள்.

டெஃபினிஷனைத் தாமதிக்க வேண்டாம். புரோகிராம் பதிப்பை மட்டும் மூன்று நான்கு சிஸ்டத்தில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு விடுங்கள். அவற்றில் டாலி (கணக்கு மென்பொருள்) ஓடும் சிஸ்டம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பிய பிழையான கன்டென்ட் ஃபைலால் (டெஃபினிஷன் போன்றது) மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் சிஸ்டங்கள் நீலத்திரையில் நின்றன. பதிப்பைத் தள்ளிப்போட்டு வைத்திருந்தவர்களும் தப்பவில்லை, ஏனென்றால் கன்டென்ட் ஃபைல் அந்த செட்டிங்குக்குக் கட்டுப்படாமல் போனது. அதற்காக டெஃபினிஷனை நிறுத்துவது சின்ன ஆபீஸுக்கு நஷ்டக் கணக்கு. அதைவிட பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) மீட்பு எண்களைப் பிரின்ட் எடுத்துப் பீரோவில் வையுங்கள். அன்றைக்குப் பல இடங்களில் மீட்பு வேலை இழுத்தது இந்த எண் கையில் இல்லாததால்தான்.

இரண்டு சிஸ்டம் மாறி மாறி ஒரே பெயர் வரிசையில் தோன்றினால், ஒரு ஹார்ட்டிஸ்க்கைக் குளோன் செய்து இன்னொன்றில் போட்டிருக்கிறார்கள். ஏஜென்ட் ஐடி இரண்டிலும் ஒன்றுதான். காஸ்பர்ஸ்கியில் கேஎல்மூவரை டூப்ஃபிக்ஸ் ஸ்விட்ச்சோடு ஓட்டினால் புது ஐடி கிடைக்கும். ஃபார்மட் செய்த சிஸ்டங்களின் பழைய பெயர்களும் கன்சோலில் தங்கி லைசென்ஸைத் தின்னும். 35 லைசென்ஸுக்கு 42 பெயர் இருந்தால் ஏழு சிஸ்டம் அப்டேட் கிடைக்காமல் நிற்கலாம். 30 நாள் தலைகாட்டாதவற்றை, ஆள் லீவில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு நீக்குங்கள்.

ரீஇன்ஸ்டால் உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: அப்டேட் நடுவில் கரண்ட் போய் டெஃபினிஷன் ஃபைல் கெட்டது. அப்போதும் முதலில் ரோல்பேக் செய்து (முந்தைய டெஃபினிஷனுக்குத் திரும்பி), சி டிரைவில் சில ஜிபி இடம் இருக்கிறதா பார்த்து மறுபடி அப்டேட் கொடுங்கள். அது தோற்றால் அந்தக் கம்பெனியின் ரிமூவல் கருவியால் முழுதாக நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, புது பேக்கேஜைப் போடுங்கள். நீக்கும்போது கேட்கும் அன்இன்ஸ்டால் பாஸ்வேர்டு கன்சோல் பாலிசியில் இருக்கும். குடோனுக்குக் கிளம்புமுன் குறித்துக்கொள்ளுங்கள்.